மழை பெய்தால் கத்தும் ஹாரன்

நெல்டா க்ரம்ப்பின் புருஷன் டாயில் செத்து மூன்று வருஷம் ஆகியும் அவனுடைய சத்தம் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. ஈரக்காற்று அடித்தால் போதும், வாசலில் நிற்கிற அவனுடைய பழைய பிக்கப் வண்டி தானாகவே ஹாரன் அடிக்கும். சாதாரண ஹாரன் என்றால் சனியன் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். இது ஐந்து சிவப்புக் குழல்களை வரிசையாகக் கோத்துக் கட்டியது. அழுத்தினால் அமெரிக்கத் தெற்கத்திக்காரர்களின் அந்தப் பழைய பாட்டின் முதல் அடியை முழுசாக வாசிக்கும். கறுப்பு அடிமைகளை விடுவிக்க மாட்டோம் என்று சண்டைக்குப் போன தாத்தாக்களின் பாட்டு. அலபாமாவில் டன்னாவே மாதிரி ஒரு ஊரில் பிறந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நெல்டாவின் அப்பா முகம் மழிக்கும்போது அதைத்தான் முணுமுணுப்பார். சண்டையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை.

ஐந்து குழலில் ஒன்று நசுங்கியிருந்தது. பாட்டில் அந்த இடம் வரும்போது மட்டும் சளி பிடித்த கிழவன் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். உலகத்தில் வேறு எந்த ஹாரனிலும் அந்தச் செருமல் கிடையாது என்று டாயில் பெருமை அடித்துக்கொள்வான்.

"மிஸ் நெல்டா, ஒயர் மேல இருக்கிற ரப்பர் பூரா உரிஞ்சு போச்சு," என்றான் மெக்கானிக் டெர்ரெல். "தண்ணி பட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. ஒத்தை ஒயர வெட்டி விட்டா முடிஞ்சுது வேலை."

"நீ ஒயர வெட்டு, நான் உன் கைய வெட்டுறேன்."

டெர்ரெல் சிரித்துக்கொண்டே பானட்டை மூடினான். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மழைநாளில் அடுக்களையில் பட்டாணி உரித்துக்கொண்டிருப்பாள், வாசலில் பாட்டு கேட்கும், "வந்துட்டியா" என்பாள். வாய்விட்டே சொல்வாள். ஒருநாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு இரண்டாவது தட்டும் எடுத்து வைத்துவிட்டாள். வைத்த பிறகு எடுக்க மனசு வரவில்லை. எதிர் நாற்காலிக்கு முன்னால் காலித் தட்டு இருக்க, தன் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தாள். பயமாக இருந்தது. பயம் போனால் அவனும் போய்விடுவானே என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அந்த ஹாரன் அவர்கள் கல்யாணத்தைவிட வயசில் மூத்தது. பத்தொன்பது வயசில், கையில் முதல் கார் வந்தவுடனே டாயில் அதை வாங்கி பம்பர் மேல் பொருத்தினான். பிறகு கார் மாறியது, வண்டி மாறியது, ஹாரன் மட்டும் மாறவில்லை. அவன் அதை வாங்கியது அறுபத்தாறாம் வருஷக் கோடை. நெல்டாவுக்குப் பதினேழு வயசு. முன் சீட்டில் டாயிலுக்கும் அவன் கூட்டாளிக்கும் நடுவில் அவள். வேலை வெட்டி இல்லாத பிள்ளைகள் ஊரைச் சுற்றுகிற மாதிரிதான் சுற்றினார்கள். இருட்டின பிறகு ரயில் பாதையைத் தாண்டி மண் ரோட்டிலும் போனார்கள். அங்கே யார் வீட்டு கேட் கம்பத்திலோ கார் மோதி ஒரு குழல் நசுங்கியது. நசுங்கிய பிறகு டாயில் அடித்துப் பார்த்தான். செருமல் வந்தது. நெல்டாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னொரு தடவை அடி, டாயில், இன்னொரு தடவை" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவளுக்கு ஒரு கோளாறு உண்டு. ரொம்பச் சிரித்தாலும் விக்கல், ரொம்ப அழுதாலும் விக்கல். அன்றைக்கு வீடு திரும்பும்வரை விக்கினாள். டாயில் முதல் தடவையாக அவள் தோளில் கை போட்டதும் அந்தக் காரில்தான். அந்த நாளை அவள் எத்தனையோ தடவை மனசுக்குள் எடுத்துப் பார்த்திருக்கிறாள். அதில் டாயில் இருப்பான், ஹாரன் இருக்கும், சிரிப்பு இருக்கும். அந்த வீடு யாருடையது என்று கேட்டுக்கொண்டதே இல்லை.

கல்யாணம் ஆகிச் சில வருஷத்தில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேதான் வெர்னிஸ் டாலிவர். கறுப்பினத்தவள், ஒல்லி, நெல்டாவைவிட ஒரு வயசு சின்னவள், நாக்கு மட்டும் நீளம். ஓய்வு பெறும்வரை இருவரும் ஒரே அடுப்பில் வெந்தார்கள். ஒருத்தி சோள ரொட்டிக்கு மாவு கலக்கினால் இன்னொருத்தி கேட்காமலே தட்டில் கொழுப்புத் தடவி வைப்பாள்.

"இதுக்குப் பேரு குழம்பா?" என்பாள் வெர்னிஸ், நெல்டாவின் பானையை எட்டிப் பார்த்து. "பிள்ளைங்க உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

"உன் பச்சைக் கீரைய விடவா?"

"என் கீரைய உன் புருஷனே வழிச்சுத் தின்னுட்டுப் போனான்."

நெல்டா சிரிப்பாள். விக்கல் வரும். வெர்னிஸ் தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள். "உன் சிரிப்ப எந்தக் கூட்டத்துல கேட்டாலும் இவதான்னு சொல்லிருவேன், நெல்டா" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு இருக்காது. நெல்டா அதைப் பிரியத்தில் சேர்த்துக்கொண்டாள். பிரியமும் அதில் இருந்திருக்கலாம், யார் கண்டது.

வேலை முடியும் நேரத்துக்கு டாயில் பின்வாசலுக்கு வண்டியைக் கொண்டுவந்து ஹாரன் அடிப்பான். பாட்டு தொடங்கும்போதே வெர்னிஸ் கைத்துண்டை எறிந்துவிட்டுக் குளிர் அறைக்குள் போய்விடுவாள். "பால் பெட்டிய எண்ணிட்டு வரேன், நீ கிளம்பு." தடிமனான கதவு அது, மூடினால் உள்ளே ஒன்றும் கேட்காது. எல்லாரும் வீட்டுக்குப் பறக்கிற நேரத்தில் இவள் மட்டும் பால் பெட்டியை எண்ணப் போகிறாளே என்று நெல்டாவுக்கு ஆச்சரியம். அவளை மாதிரி வேலை பார்க்கிறவள் கிடையாது என்று மேலதிகாரியிடம் தானாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

டாயில் செத்தபோது வெர்னிஸ் சர்க்கரைவள்ளிக் கிழங்கு 'பை' பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். அடுக்களையில் இருவரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது தூறல் விழுந்தது, வாசலில் ஹாரன் அடித்தது. வெர்னிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அத நிறுத்த முடியாதா, நெல்டா?"

"அது அவன், வெர்னிஸ்."

"ஆமா," என்றாள் வெர்னிஸ். "அவன்தான். எனக்குத் தெரியும்."

நெல்டா மேசைமேல் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் துக்கத்தைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் இவள்தான் என்று நினைத்தாள்.

இப்படி இருக்கையில்தான் ஊர்ச்சபை ஒரு பேச்சை எடுத்தது. இலையுதிர்கால ஊர்வலத்தில் இனிமேல் தெற்கத்திப் படையின் பழைய கொடியும் வேண்டாம், பழைய பாட்டும் வேண்டாம், ஊரில் பாதிப் பேருக்கு அது வயிற்றைக் கலக்குகிறது என்று. ஊர்வலத்தில் முதல் வண்டி எப்போதுமே டாயிலுடையதுதான். முன்னால் கொடி, உள்ளே ஹாரன். அவன் போன பிறகு நெல்டா ஓட்டினாள். பண்ணைச் சாமான் கடை வைத்திருக்கிற ஹோலிஸ் அவள் வீட்டுக்கே வந்தான். "நாங்க பேசினா வம்புக்குப் பேசுறாங்கன்னு சொல்வாங்க. நீ பேசு. விதவை, பள்ளிக்கூடத்துல ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் சோறு போட்டவ."

அவளும் ஊர்ச்சபைக் கூட்டத்தில் பேசினாள். ஹோலிஸுக்காக இல்லை. அந்தப் பாட்டை வாயடைத்தால் டாயிலை இரண்டாம் தடவை புதைக்கிற மாதிரி. "பாட்டு என்ன தப்பு பண்ணுச்சு?" என்று கேட்டாள். "எங்க அப்பா அதைப் பாடிட்டே முகம் மழிப்பார். என் புருஷன் அதை அடிச்சுத்தான் என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவான். யாரையும் நோகடிக்க இல்ல. சந்தேகம்னா வெர்னிஸ் டாலிவரக் கேளுங்க. அத்தனை வருஷம் அவ அந்த ஹாரனக் கேட்டா. ஒருநாள்கூட ஒரு வார்த்தை சொன்னதில்ல."

கைதட்டினார்கள். கடைசி வரிசையில் வெர்னிஸின் மகள் ரெனிட்டா உட்கார்ந்திருந்ததை நெல்டா அப்புறம்தான் பார்த்தாள். ரெனிட்டா கைதட்டவுமில்லை, எழுந்து பேசவுமில்லை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், மருந்து கொடுக்கிற நேரம் ஆகிவிட்டது என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போட்டார்கள்.

அந்தக் கூட்டம் வருவதற்குள் வெர்னிஸ் செத்துப் போனாள்.

சேதி கேட்ட அன்றைக்கே நெல்டா வெண்ணெய் கேக் சுட்டாள். ரெனிட்டாவின் வீட்டு வாசலில் யாரோ ஒருத்தி வாங்கி உள்ளே கொண்டுபோனாள். வீடு நிறைய ஆட்கள். நெல்டா நிற்கவில்லை. அடக்கத்துக்கு வராமல் விடுவோமா, அன்றைக்கு ரெனிட்டாவைக் கட்டிக்கொண்டு அழலாம் என்று நினைத்தாள்.

அடக்கத்தன்று காலையிலிருந்தே தூறல். வண்டி கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒருவழியாக அது உறுமி எழுந்தபோது தேவாலயத்தில் ஜெபம் முடிந்திருக்கும். கல்லறைக்காவது கூடப் போவோம் என்று தேவாலயத்துப் பக்கம் ஓட்டினாள். பஞ்சாலை வளைவில் எதிரே விளக்குப் போட்டபடி சவ வண்டி வந்தது, பின்னால் வரிசையாகக் கார்கள்.

டன்னாவேயில் சவ ஊர்வலம் எதிரே வந்தால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தவேண்டும். செத்தது வெள்ளையா கறுப்பா, வேண்டியவனா வேண்டாதவனா என்று யாரும் பார்ப்பதில்லை. மற்ற எதில் சண்டை போட்டாலும் இதில் மட்டும் ஊர் ஒற்றுமை. நெல்டா புல் தரையில் இறக்கி நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். தலை குனிந்தாள். வெர்னிஸ் அவள் ஜன்னலுக்கு நேராக வந்துகொண்டிருந்தாள்.

அப்போது ஹாரன் அடித்தது.

பாட்டின் முதல் அடி, செருமலோடு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நெல்டா ஸ்டியரிங்கைக் குத்தினாள், சாவியைத் திருகினாள், கீழே குதித்து ஓடிப் பானட்டைத் தூக்கினாள். எந்த ஒயர் என்று தெரியவில்லை. கைக்கு வந்ததையெல்லாம் இழுத்தாள். வண்டி முன்னால் டாயில் அடித்துவைத்த கொடித் தகடு. அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, நனைந்த தலையோடு, "தானா அடிக்குது, தானா அடிக்குது" என்று ஒவ்வொரு காரையும் பார்த்துச் சொன்னாள். ஜன்னல்கள் மூடியிருந்தன. குடும்பத்தார் வந்த காரில் ரெனிட்டா திரும்பிப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் நெல்டா தாங்கியிருப்பாள். இதை எதிர்பார்த்தேன் என்கிற முகம் அது. கடைசிக் கார் வளைவில் மறைந்த பிறகு ஹாரன் நின்றது. நெல்டா கல்லறைக்குப் போகவில்லை.

யார் நம்புவார்கள், சொல்லுங்கள். ஹாரனுக்காக மேடையேறிப் பேசியவள், சவ ஊர்வலத்துக்கு எதிரே வண்டியை நிறுத்திவைத்து அதே ஹாரனை அடித்தாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. மளிகைக் கடையில் சமையலறைச் சிநேகிதி ஒருத்தி இவளைக் கண்டதும் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். அது வலித்தது. ஆனால் உயிரை எடுத்தது ரோட்டோரச் சாப்பாட்டுக் கடையில் நடந்ததுதான். அவள் நுழைந்ததும் ஹோலிஸ் எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டான்.

"மேடையில பேசினது பத்தாதுன்னு ரோட்டுலயும் காட்டிட்ட, நெல்டா. டாயில் இருந்திருந்தா உச்சி குளிர்ந்திருப்பான்."

"அது தானா அடிச்சுது, ஹோலிஸ்."

"ஆமா ஆமா, தானாத்தான் அடிச்சுது," என்று கண்ணடித்தான். மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "ஊர்வலத்துல நீதான் முன்னால போற. எவன் தடுக்குறான்னு பாத்துருவோம். இவங்க காப்பி என் கணக்குல."

 வெர்னிஸின் பிணத்தைப் பார்த்துத்தான் ஹாரன் அடித்தேன் என்று இவர்கள் நம்புகிறார்கள், நம்பிவிட்டு நாற்காலியும் போடுகிறார்கள். அந்தக் காப்பியைத் தொடாமல் எழுந்து நேராக டெர்ரெலிடம் போனாள்.

"கழட்டு. முழுசா எடுத்துரு."

டெர்ரெல் அவள் முகத்தைப் பார்த்தான். "ஊர்வலத்துக்கு, மிஸ் நெல்டா?"

"வேற வண்டி பாத்துக்கச் சொல்லு." அவன் ஸ்பேனரை எடுத்தான். அப்புறம் சொன்னாள்: "பாட்டு மேல தப்பில்ல, டெர்ரெல். ஒயருதான் கெட்டுப் போச்சு."

கழற்றிய ஹாரனைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு ரெனிட்டாவின் வீட்டுக்குப் போனாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கறுப்பர் குடியிருப்பில், ரெனிட்டாவின் தாத்தா கட்டிய வீடு. ரெனிட்டா வந்து வலைக்கதவுக்கு உள்ளே நின்றாள். "உள்ள வாங்க" என்று சொல்லவில்லை. அந்த ஊரில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

"அது தானா அடிச்சுது, கண்ணு. உங்கம்மா மேல சத்தியமா."

"இருக்கலாம், மிஸ் நெல்டா. நீங்க வேணும்னு செய்யலன்னு நான் நம்புறேன்."

நெல்டா ஐந்து குழலையும் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக் காட்டினாள். "கழட்டிட்டேன், பாரு. இனிமே அடிக்காது. வேணும்னா நீயே உடைச்சுப் போடு."

ரெனிட்டா அந்த ஹாரனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நசுங்கிய குழலைப் பார்த்தாள்.

"கூட்டத்துல சொன்னீங்களே, அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லன்னு. உங்ககிட்ட சொன்னதில்ல. எங்ககிட்ட சொல்லியிருக்காங்க." குரலை உயர்த்தவே இல்லை. "எங்க தாத்தா ஓட்டுப் போடப் பேர் பதிஞ்ச வருஷம், கறுப்பர் பேர் பதிஞ்சா மிரட்டுற காலம். ஒரு காரு இந்த வீட்டச் சுத்திச் சுத்தி வந்துச்சாம். இந்தப் பாட்டை அடிச்சுக்கிட்டே. அம்மாவும் மாமாவும் கட்டிலுக்கு அடியில. தாத்தா கதவுக்குப் பின்னால துப்பாக்கியோட. காரு எங்க கேட் கம்பத்துல மோதுச்சு. அதுக்கப்புறம் பாட்டு இப்படிக் கரகரன்னு வந்துச்சாம். தாத்தா அந்தக் கம்பத்த நிமிர்த்தவே விடல. அதோ, அதான்."

நெல்டா திரும்பிப் பார்த்தாள். கேட்டின் இடப்பக்கக் கம்பம் உள்பக்கமாகச் சாய்ந்து நின்றது. வரும்போது அதை ஒட்டித்தான் நடந்து வந்தாள்.

"மறுநாளே மாமாவ சிகாகோவுக்கு பஸ் ஏத்தி விட்டாங்க. இங்க இருந்தா அவன் போய் யாரையாவது ஏதாவது பண்ணிருவான்னு தாத்தாவுக்குப் பயம். அதுக்கப்புறம் அவர் இந்த வீட்டுல ஒருநாள் தங்கினதில்ல."

"டாயில்..." என்று தொடங்கினாள் நெல்டா. 

"உங்க வீட்டுக்காரர்தான்னு அம்மாவுக்குத் தெரியும். சமையலறைப் பின்வாசல்ல முதல் நாள் அடிச்சப்பவே தெரியும். அத மன்னிச்சிட்டாங்கன்னுதான் நினைக்கிறேன். ஹாரன் இல்ல மிஸ் நெல்டா, அம்மாவத் தூங்கவிடாம பண்ணினது வேற. அந்தக் காருக்குள்ள ஒரு பொண்ணு இருந்தாளாம். இன்னொரு தடவை அடி, இன்னொரு தடவைன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாளாம். ஆம்பளைங்க வெறி பிடிச்சு வந்தானுங்க, சரி. ஒரு பொண்ணு எப்படிச் சிரிச்சான்னு அம்மா சாகுற வாரம்கூடக் கேட்டாங்க."

"யாருன்னு சொன்னாளா?" நெல்டாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"கேட்டேன். ஒரு அறியாப் பொண்ணு, விடுன்னாங்க."

பால் பெட்டிகள். தடிமனான கதவு. தண்ணீர்க் கோப்பையை நீட்டுகிற வெர்னிஸின் கை. உன் சிரிப்ப எந்தக் கூட்டத்துல கேட்டாலும். அத்தனை வருஷம் பக்கத்து அடுப்பில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டுத் தண்ணீரும் கொடுத்திருக்கிறாள். நான்தான் என்று சொல்ல நெல்டா வாயைத் திறந்தாள். சொல்லிவிட்டால் பாரம் குறையும், சொல்லாமலும் போகலாம், இந்தப் பிள்ளைக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நின்றாள். கண்ணீர் வழிந்தது. 

விக்கல் வந்தது.

ஒன்று. அப்புறம் இன்னொன்று. உதட்டைக் கடித்தாள், மூச்சைப் பிடித்தாள். அது கேட்கிற ஜாதியா. மூன்றாவது விக்கல் வந்தபோது வலைக்கதவில் இருந்த ரெனிட்டாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அம்மா சொன்னதில் ரெனிட்டா சொல்லாமல் விட்ட ஒன்று இருந்திருக்கும்போல. நெல்டாவின் வாயைப் பார்த்தாள். 

"அத எடுத்துட்டுப் போங்க, மிஸ் நெல்டா," என்றாள் கடைசியில். "இங்க வச்சிட்டுப் போகாதீங்க."

உள்பக்கம் கொக்கி மாட்டுகிற சத்தம் கேட்டது. கதவை அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் மாட்டினாள்.

நெல்டா ஹாரனைத் தூக்கிக்கொண்டு சாய்ந்த கம்பத்தைத் தாண்டி வந்து வண்டியில் ஏறினாள். மழை பிடித்தது. பழக்கதோஷம், காது தானாகவே காத்திருந்தது. பக்கத்து சீட்டில் ஒயர் இல்லாமல் கிடந்த ஐந்து குழல்களையும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அது அடிக்கவில்லை. கண்ணாடியில் மழை விழுகிற சத்தம்தான் இருந்தது, நடுநடுவே அவளுடைய விக்கலும் கேட்டது. தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. விக்கல் நின்றால் கிளம்பலாம் என்று அவள் அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.